தார்சுக் கூரை: தேர்வும் அமைப்பும் பராமரிப்பும்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளிக் கிராமங்களில் இன்று எழும்பும் புதுக் கட்டிடங்களில் பெரும்பாலானவை தட்டையான காங்கிரீட் கூரை உடையவை. நமது மக்கள் இதனைத் 'தார்சு' என்று வழங்குவர். முன்னாளில் ஊருக்கு ஒன்றிரண்டு மெத்தை வீடுகளே இருந்தன. மற்றவை ஓட்டு வீடுகளாகவும் கூரை வீடுகளாகவும் இருந்தன. இன்று நிலைமை மாறியிருக்கிறது. தொடக்கப்பள்ளி, அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, ஊராட்சி அலுவலகம், சமுதாயக் கூடம் ஆகிய பொதுக் கட்டிடங்களும், அரசின் உதவியுடன் ஏழை எளியோர் கட்டிக்கொள்ளும் வீடுகளும் தார்சுக் கூரையுடனேயே அமைகின்றன.

இம்மாற்றத்திற்குத் தக்க காரணங்கள் உண்டு. கூரை வீட்டிற்குத் தீப்பயம் நீங்காத ஒன்று. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் மாண்டதை நாடு மறக்கவில்லை. அதன்பின் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. வீடுகளைப் பொறுத்தவரை, 2010-இல் குடிசைகளைக் காங்கிரீட் வீடுகளாக மாற்றும் திட்டமும், 2011-இல் 300 சதுர அடியில் பசுமை வீடுகள் திட்டமும் வந்தன. 2024-25 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030-க்குள் ஊரகப் பகுதிகளில் எட்டு லட்சம் காங்கிரீட் வீடுகள் கட்டுவதைக் குறிக்கோளாகக் கொண்டுள்ளது.

ஆனால், தீக்கு அஞ்சாத கூரை நீருக்கு அஞ்சவேண்டியிருக்கிறது என்பதை நாம் நினைவில் வைக்கவேண்டும். கட்டிப் பத்தாண்டு நிறையுமுன்பே ஒழுகும் தளங்களையும், அடிப்பூச்சு பெயர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரியும் அறைகளையும் நாம் சுற்றுப்பயணத்தில் காண்கிறோம். அந்த அறையின் கீழே குழந்தைகள் அமர்ந்து படிக்கின்றனர். அரசு உதவியுடன் கட்டிய வீடாயின், அக்குடும்பம் தன் வாழ்நாளில் இன்னொரு முறை கூரை போடும் வசதியைப் பெறுமென்று சொல்வதற்கில்லை. ஆகவே தார்சுக் கூரையைத் தேர்வது, போடுவது, பேணுவது ஆகிய மூன்றையும் ஊராட்சிப் பொறுப்பில் உள்ளோரும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் அவசியமாகிறது.

முன்னோர் கண்ட முறைகள்

தட்டைக் கூரை நமக்குப் புதியதன்று. தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலின் மண்டபங்களைக் கண்டோர், கல்தூண்களின்மேல் உத்திரக் கற்களும், உத்திரங்களின்மேல் கற்பலகைகளும் பாவப்பட்டிருப்பதைக் கவனித்திருக்கலாம். அங்கே தூண்கள் ஏன் அவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன? கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இருபுறமும் தாங்கி நடுவில் சுமை ஏற்றினால், பலகையின் மேற்பகுதி அழுந்துகிறது, அடிப்பகுதி இழுபடுகிறது. இடைவெளி கூடினால் கற்பலகை அடியிலிருந்து விரிசல் கண்டு முறிந்துவிடும். எனவேதான் சிற்பிகள் தூண்களை அடுத்தடுத்து நிறுத்தினர்.

ஆங்கிலேயர் காலத்தில் மாநிலமெங்கும் பரவிய 'மெட்ராஸ் டெரஸ்' என்னும் முறை வேறுவகையானது. சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரங்களை நெருக்கமாக அடுக்கி, அவற்றின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைக் குறுக்குச் சாய்வாக நெட்டுக்குத்தாகச் சுண்ணாம்புக் காரையில் பதிப்பர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையை மூன்று அங்குலக் கனத்திற்குப் பரப்பி, மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டுவர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துக்கொண்டே தட்டுவதும் வழக்கம். இறுதியில் தட்டோடு பதிப்பர். இத்தகைய கூரைகள் நூறாண்டு கடந்தும் நிற்பதைக் காணலாம். தேக்கு மரத்தின் விலையும் கைத்தேர்ந்த கொத்தனார்கள் அருகியதும் இம்முறையை ஒதுக்கின. எனினும் இதன் மேற்பகுதியான செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளம் இன்றைய காங்கிரீட் கூரைக்கும் உற்ற துணையாக நீடிக்கிறது.

சிமெண்டு காங்கிரீட் கல்லைப் போன்றதே; அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இழுபடும் இடத்தில் இரும்புக் கம்பியை வைத்து அக்குறை நீக்கப்படுகிறது. தளத்தின் அடிப்பகுதியில் கம்பி ஓடுவதற்குக் காரணம் இதுவே. 1963-இல் சங்ககிரியில் சிமெண்டு ஆலை தொடங்கப்பெற்ற பின், இவ்வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்லே சிமெண்டாகி நமது ஊர்களை வந்தடையலாயிற்று. ஜல்லிக்கோ நமது மாவட்டங்களில் பாறைக்குக் குறைவில்லை.

எவ்வகைக் கூரை பொருந்தும்?

வீடோ பொதுக் கட்டிடமோ, கட்டுவோர் முதலில் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சுவரும் அடித்தளமும் எவ்வளவு பாரம் தாங்கும்? கூரையின்மேல் என்ன செய்யப்போகிறோம்? பின்னால் மாடி எழுப்பும் எண்ணம் உண்டா?

பாரத்தைப் பற்றி ஒரு கணக்கு. 300 சதுர அடிப் பரப்பில் ஐந்து அங்குலக் கனத்தில் காங்கிரீட் தளம் போட்டால், அதன் எடை மட்டும் ஏறத்தாழ 9 டன். அதன்மேல் மூன்று அங்குலச் சுண்ணாம்புத் தளமும் தட்டோடும் சேர்ந்தால் இன்னும் 4 டன்னுக்கு மேல் கூடும். பழைய மண்சுவர்மேல், ஓட்டை இறக்கிவிட்டுத் தார்சு போட்டுவிடலாம் என்று எண்ணுவோர் இக்கணக்கை நினைக்கவேண்டும். அத்தகைய சுவர்களுக்கு ஓட்டுக் கூரையே தகும். தார்சு வேண்டுமாயின் அடித்தளத்திலிருந்தே புதிதாகத் தொடங்குதல் நலம்.

பத்துப் பன்னிரண்டு அடி அகலமுள்ள சாதாரண அறைகளுக்கு நாலரை முதல் ஐந்து அங்குலக் காங்கிரீட் தளம் போதுமானது. கனத்தையும் கம்பியின் அளவையும் இடைவெளியையும் பொறியாளர் தரும் வரைபடத்தைக் கொண்டே முடிவு செய்யவேண்டும். பக்கத்து வீட்டுக் கணக்கை அப்படியே எடுத்தாள்வது தவறு. அறை பெரிதாயின் உத்திரம் தேவைப்படும். சிக்கனம் கருதுவோர், தளத்தின் அடிப்பகுதியில் கம்பிகளுக்கிடையே பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்துக் காங்கிரீட்டின் அளவைக் குறைக்கும் நிரப்பித் தள முறையையும் பொறியாளரிடம் கேட்டறியலாம். அடியில் காங்கிரீட் இழுப்பைத் தாங்குவதில்லையாதலால், கம்பியில்லாத இடத்தை ஓடு நிரப்புவதால் வலிமை குன்றுவதில்லை; பாரமும் வெப்பமும் குறைகின்றன. ஆனால் இம்முறையில் பழகிய கொத்தனார் கிடைத்தால் மட்டுமே இதில் இறங்கவேண்டும்.

காங்கிரீட் போடும் நாள்

கூரையின் ஆயுள் பெரும்பாலும் ஒரே பகலில் முடிவாகிறது. காங்கிரீட் போடும் அந்த நாளில் வீட்டுக்காரர் விருந்தோம்பலில் மூழ்கிவிடாமல் கலவை இயந்திரத்தின் அருகே நிற்பது சாலச்சிறந்தது. அவர் கவனிக்கவேண்டியவை பின்வருமாறு:

1. சென்டரிங்: தகடுகளுக்கிடையே சந்து இருந்தால் சிமெண்டுப் பால் ஒழுகிவிடும், அவ்விடத்தில் ஜல்லி மட்டும் தேங்கித் தேன்கூடு போல் ஓட்டை விழும். சந்துகளை அடைத்துவிட வேண்டும். முட்டுக்கட்டைகள் மண்ணில் அழுந்தாதபடி அடியில் பலகை இடவேண்டும்.

2. கம்பி: துருப்பொடி, எண்ணெய், சேறு இவை நீங்கிய கம்பியாக இருக்கவேண்டும். கம்பிக்கும் தகட்டிற்கும் இடையே முக்கால் அங்குலம், அதாவது 20 மில்லிமீட்டர் இடைவெளி தேவை. இதற்கென உள்ள கவர் பிளாக்குகளையே வைக்கவேண்டும். ஜல்லித் துண்டையோ ஓட்டுத் துண்டையோ வைத்தல் கூடாது. இந்த முக்கால் அங்குலக் காங்கிரீட்டே கம்பிக்குக் கவசம். அது குறைந்த இடத்தில்தான் முதலில் துரு தொடங்குகிறது.

3. சன்ஷேடு: தளத்தில் கம்பி அடியில் இருக்கவேண்டும், ஆனால் சுவரிலிருந்து வெளியே நீளும் சன்ஷேடிலும் பால்கனியிலும் கம்பி மேற்புறத்தில் இருக்கவேண்டும். ஏனெனில் அங்கே மேற்பகுதியே இழுபடுகிறது. வேலையாட்கள் அதன்மேல் நடந்து கம்பியை அடியில் மிதித்துவிடின், சென்டரிங் பிரித்த அன்றே சன்ஷேடு தொங்கிவிடலாம். பல ஆண்டு கழித்து ஒருவர் தலைமேலும் விழலாம்.

4. கலவை: கம்பி வைத்த காங்கிரீட்டிற்கு எம்-20 தரத்திற்குக் குறையலாகாது என்பது ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தரக்குறியீட்டின் விதி. நடைமுறையில் அது ஒரு பங்கு சிமெண்டு, ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. ஒரு மூட்டைச் சிமெண்டு ஒன்றேகால் கன அடி. அதே அளவு கொள்ளும் பெட்டி ஒன்று செய்துகொண்டால், மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி என்று எண்ணிப் போடலாம். மேலே சொன்ன 300 சதுர அடித் தளத்திற்கு ஏறத்தாழ 28 மூட்டை செலவாகும். இருபது மூட்டையில் முடித்துத் தருவதாக ஒருவர் சொன்னால், மீதி எட்டு மூட்டை வலிமை அக்கூரையில் இல்லை என்றே பொருள்.

5. தண்ணீர்: ஒரு மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேற்படக் கூடாது, மணலில் உள்ள ஈரத்தையும் இதில் கழித்துக்கொள்ள வேண்டும். கலவை இளகலாக இருந்தால் கொட்டுவதற்கு எளிது. ஆனால் மிகுந்த நீர் ஆவியாகிப் போனபின் அது இருந்த இடம் நுண்துளையாக நின்று, மழைநீருக்கு வழிவிடும். நமது பகுதியில் பல ஆழ்துளைக் கிணறுகளின் நீர் உப்பு மிகுந்தது. ஒரு லிட்டரில் 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கும் நீர் கம்பி வைத்த காங்கிரீட்டிற்கு ஆகாது. அது கம்பியை உள்ளிருந்தே அரிக்கும். நாவில் கரிக்கும் நீரைத் தவிர்த்து, குடிக்கத் தக்க நீரையே கலவைக்குக் கொள்ளவேண்டும்.

6. செறிவு: கொட்டிய கலவையை வைப்ரேட்டர் கொண்டு இறுக்க வேண்டும். கலந்த கலவையை அரைமணி நேரத்திற்குள் போட்டு முடிக்கவேண்டும். தளம் முழுவதும் ஒரே நாளில் இடைவிடாது முடிவது உத்தமம். பாதியை இன்றும் பாதியை நாளையும் போட்டால், சேருமிடம் ஒழுக்குக்கு வாயிலாகிவிடும்.

தண்ணீர் கட்டுதலும் முட்டுப் பிரித்தலும்

காங்கிரீட் காய்வதால் கெட்டிப்படுவதில்லை. நீரோடு சிமெண்டு கூடி வினைபுரிவதால் கெட்டிப்படுகிறது. ஆகவே ஈரம் வற்றினால் வளர்ச்சி நின்றுவிடும். நாற்றங்காலைப் பேணும் விவசாயிக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. மறுநாளே தளத்தின்மேல் பாத்தி கட்டி இரண்டங்குல நீர் தேக்கவேண்டும். வெப்பமும் வறட்சியும் மிகுந்த இடங்களில் பத்து நாட்களுக்குக் குறையலாகாது என்று தரக்குறியீடு கூறுகிறது. இன்று கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமெண்டு. அது மெல்ல மெல்ல வலுப்பெறும் இயல்புடையது. ஆகவே 14 நாட்கள் தண்ணீர் கட்டுதலே நமது பரிந்துரை. சித்திரை வெயிலில் தளம் போடுவோர் இதில் சிறிதும் அசட்டை காட்டலாகாது.

பதினைந்து அடிக்குட்பட்ட அறையின் முட்டுகளை ஏழு நாட்களுக்கு முன் எடுக்கலாகாது என்பது சாதாரண சிமெண்டிற்குரிய குறைந்தபட்ச எல்லை. சாம்பல் கலந்த சிமெண்டிற்குப் பதினான்கு நாட்கள் பொறுத்தல் நன்று. உத்திரங்களுக்கு நீளத்தைப் பொறுத்துப் பதினான்கு முதல் இருபத்தொரு நாட்கள் வேண்டும். சென்டரிங் வாடகை நாளுக்கு நாள் ஏறுகிறதே என்று அவசரப்படுவோர், மிச்சமாகும் வாடகையையும் பின்னர் கூரைக்கு ஆகும் செலவையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

வாட்டமும் மேல்தளமும்

காங்கிரீட் தளம் பாரம் தாங்குவதற்காக இடப்படுவது; மழையையும் வெயிலையும் தாங்குவதற்கு அதன்மேல் தனியாக ஒரு தளம் தேவை. இதனைப் போடாமல், வெறும் சிமெண்டுப் பூச்சோடு விட்டுவிடுவதே நமது கிராமங்களில் காணும் பெருங்குறை. கோடைப் பகலில் வெப்பம் 40 பாகையை எட்டும் நமது சமவெளியில், கூரை பகலில் விரிந்து இரவில் சுருங்குகிறது. சிமெண்டுப் பூச்சு விறைப்பானது. இவ்வசைவிற்கு ஈடுகொடுக்காமல் மயிரிழை போல் வெடிக்கிறது. சுண்ணாம்புத் தளமோ சற்று நெகிழ்ந்து கொடுக்கும், வெப்பத்தையும் தடுக்கும்.

பொதுப்பணித் துறையின் வழக்கப்படி, முக்கால் அங்குலச் செங்கல் ஜல்லி 32 பங்கும் நீற்றிய சுண்ணாம்பு பன்னிரண்டரைப் பங்கும் கலந்து, மணல் சேர்க்காமல், சராசரி மூன்று அங்குலக் கனத்திற்குப் பரப்பவேண்டும். ஜல்லி நன்கு வெந்த செங்கல்லினுடையதாக இருக்கவேண்டும். வேகாத கல் நீரில் கரையும். மரக்கட்டையால் தட்டத் தட்டச் சுண்ணாம்புப் பால் மேலே வந்து பிடிக்கும். கட்டை எதிர்த்துக் குதிக்கும் வரை தட்டவேண்டும் என்பர் பழைய கொத்தனார்கள். இதன்மேல் ஒன்பதங்குலச் சதுரத் தட்டோடுகளை, நீர்த்தடுப்பு மருந்து கலந்த ஒன்றுக்கு மூன்று சிமெண்டுக் கலவையில் பதித்து, இடைக்கோடுகளை நன்றாக நிரப்பவேண்டும்.

வாட்டம் இத்தளத்திலேயே கொடுக்கப்படுகிறது. பத்தடிக்கு இரண்டங்குலம் சரிவு இருந்தால் நீர் தேங்காது. வடிகுழாய் நோக்கி வாட்டம் அமைந்திருக்கிறதா என்பதை, தட்டோடு பதிக்குமுன் ஒரு குடம் நீரை ஊற்றிப் பார்த்து அறியலாம். 400 சதுர அடிக்கு ஒரு நான்கங்குலக் குழாய் வீதம் வைக்கவேண்டும். ஒரே குழாயுள்ள கூரையில் ஒரு பிடி சருகு அடைத்தால் முழுக் கூரையும் குளமாகிவிடும். ஆதலால் சிறு கூரைக்கும் இரு குழாய்கள் நல்லது. தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் நேர்க்கோணம் விடாது, வளைவாகப் பூசிவிட வேண்டும். பெரும்பாலான ஒழுக்கு அம்மூலையிலும் குழாய் வாயிலிலும்தான் பிறக்கிறது.

கூரையில் விழும் நீரை வீணாக்குவதும் தகாது. 2003-ஆம் ஆண்டிலிருந்து நமது மாநிலத்தில் கட்டிடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் மழை என்று கொண்டால், 400 சதுர அடிக் கூரையில் சுமார் 26,000 லிட்டர் நீர் விழுகிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கைக் கிணற்றிற்கோ தொட்டிக்கோ திருப்பினாலும் 20,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றும் ஊர்களுக்கு இது சிறு உதவியன்று.

வெப்பத்தைத் தணிக்கும் வழிகள்

தார்சு வீட்டின்மீது மக்கள் கூறும் முதற்குறை, இரவில் புழுங்குகிறது என்பது. பகலெல்லாம் காங்கிரீட் உண்ட வெப்பத்தை இரவில் உமிழ்வதே காரணம். ஆண்டுதோறும் பங்குனியில் கூரையின்மேல் இரண்டு கை வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால், வெயிலின் பெரும்பகுதி திருப்பியனுப்பப்படுகிறது. இது மிகக் குறைந்த செலவில் கைமேல் பலன் தருவது. அகமதாபாத் நகரில் வெப்பத்திலிருந்து ஏழைகளைக் காக்கும் திட்டத்தில் வெண்கூரைகளுக்கு இடமளித்துள்ளனர். தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. வசதியுடையோர் வெண்ணிறக் குளிர்ச்சி ஓடுகளைப் பதிக்கலாம். கறுப்புத் தார்ப் பூச்சை வெறுமனே விடுதல் வெப்பத்தை மிகுவிக்கும்.

கூரையைப் பயன்படுத்துவதில் கட்டுப்பாடு

நமது விவசாயிகளுக்குத் தார்சுக் கூரை ஒரு களமும் ஆகிறது. நிலக்கடலை, மிளகாய், சோளம், மஞ்சள் இவற்றை அங்கே உலர்த்துகின்றனர். பரப்பி உலர்த்துவதில் தீங்கில்லை. குவித்து வைப்பதிலேயே தீங்கு. ஆட்கள் ஏறிப் புழங்கும் கூரைக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமை என்ற கணக்கில்தான் வரைபடம் போடப்படுகிறது. நெல்லை ஓரடி உயரத்திற்குக் குவித்தால், சதுர மீட்டருக்கு 170 கிலோவுக்கு மேல் ஏறிவிடும். ஆயிரம் லிட்டர்த் தண்ணீர்த் தொட்டி ஒரு டன் எடை; அதனை அறையின் நடுவில் வைக்காமல், சுவர்கள் சந்திக்கும் மூலைக்கு மேலே மேடை கட்டி வைக்கவேண்டும். உலர்த்திய பின் கூரையைப் பெருக்கிவிடுதல் அவசியம். தங்கிய தானியமும் உமியும் குழாயை அடைப்பதோடு எலியையும் வரவழைக்கும்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய வீட்டுக்கூரைச் சூரிய மின் திட்டத்தில், மூன்று கிலோவாட் அமைப்பிற்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. ஒரு கிலோவாட்டிற்கு ஏறத்தாழ நூறு சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும். பலகைகளின் கால்களுக்காகத் தட்டோட்டில் துளையிட்டால், அத்துளை வழியே நீர் இறங்கும். துளையிடாமல் காங்கிரீட் பீடங்கள் அமைத்து நிறுத்தும்படி கேட்கவேண்டும். அலைவாங்கித் தட்டுக்கும் இதுவே விதி. பின்னாளில் மாடி கட்டுவதற்கென்று தூண் கம்பிகளை நீட்டி விட்டிருந்தால், அவற்றை மெலிந்த காங்கிரீட்டால் மூடி வைக்கவேண்டும். இன்றேல் துரு அக்கம்பி வழியே தூணுக்குள் இறங்கும்.

நோய்க் குறிகளும் மருந்தும்

துருப்பிடித்த இரும்பு, தான் முன்பிருந்த இடத்தைப்போல் இருமடங்கிற்கும் மேற்பட்ட இடத்தை அடைக்கும். அவ்விறுக்கத்தால் அடிக்காங்கிரீட் பிளந்து பெயர்கிறது. இது ஒரே நாளில் நிகழ்வதன்று. முதலில் அடித்தளத்தில் ஈரத்திட்டும் வெண்படிவும் தோன்றும், பின் கம்பியின் ஓட்டத்தில் பழுப்புக் கோடு தெரியும், அதன்பின் விரிசல், பிறகே பெயர்தல். ஒரு கோலால் அடித்தளத்தைத் தட்டிப் பார்த்தால், நல்ல இடம் கெட்டி ஒலி தரும். பெயரவிருக்கும் இடம் பொத்தென்று ஒலிக்கும். இதற்குப் பெரும் படிப்பு தேவையில்லை; காதும் கோலும் போதும்.

நாம் பார்வையிட்ட ஓர் அங்கன்வாடியில், பெயர்ந்த இடமெல்லாம் சிமெண்டால் பூசி வெள்ளையும் அடித்திருந்தனர். மேலே ஏறிப் பார்த்தபோது, குழாய் வாயில் அரசங்கன்று அடைத்து, கூரையில் நான்கு விரற்கடை நீர் நின்றது. இவ்வாறு மேலே நீரை வைத்துக்கொண்டு கீழே பூசுவது, புண்ணை ஆற்றாமல் துணியால் மறைப்பதற்கு ஒப்பாகும். அப்பூச்சு ஒருநாள் கட்டியாகவே கீழே விழும்.

முறையான பழுது பார்த்தல் இதுவாகும்: முதலில் மேலே நீர் நிற்பதை நிறுத்தவேண்டும். பின் அடியில் தளர்ந்த காங்கிரீட்டை முழுவதும் கொத்தியெடுத்து, கம்பியைக் கம்பித்தூரிகையால் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சிட்டு, அதற்குரிய பாலிமர் கலவையால் மூடவேண்டும். கம்பி பெரிதும் தேய்ந்திருந்தாலோ, தளம் நடுவில் தொய்ந்திருந்தாலோ, அது கொத்தனார் கையாளும் வேலையன்று. ஒன்றியப் பொறியாளர் பார்த்து, தாங்குமா இடிப்பதா என்று முடிவு செய்யும் வரை அவ்வறையைப் பூட்டிவைக்க வேண்டும். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மாணவர் மூவர் இறந்தபின், மாநிலமெங்கும் பழுதுற்ற பள்ளிக் கட்டிடங்கள் கணக்கெடுக்கப்பட்டு இடிக்கப்பட்டன. இழப்பு நேர்ந்தபின் கணக்கெடுப்பதினும், ஆண்டுதோறும் நாமே கணக்கெடுப்பது மேலல்லவா?

ஆண்டு முறை

கூரை பேணுவதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. காலம் தவறாமையே வேண்டும்.

தை மாதத்தில், மழைக்காலம் முடிந்தபின், உள்ளே ஈரத்திட்டு உள்ள இடங்களைக் கரியால் வட்டமிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். மழை கண்ட அடையாளம் மறையுமுன் குறித்தால்தான் கோடையில் சரியான இடத்தைச் செப்பனிட முடியும்.

பங்குனி, சித்திரையில் தட்டோட்டின் இடைக்கோடுகளையும் கைப்பிடிச் சுவரின் மூலைகளையும் பூசிச் சரிசெய்து வெள்ளையடிக்க வேண்டும். உலர்ந்த கூரையில்தான் பூச்சுப் பிடிக்கும்.

ஆடியில் கன்றுகளைக் களையவேண்டும். ஆலும் அரசும் விரலளவு இருக்கும்போதே வேரோடு அகற்றவேண்டும். மேலே ஒடித்துவிட்டால் வேர் உள்ளே பருத்துச் சுவரைப் பிளக்கும். கூரைமேல் தாழ்ந்த கிளைகளை வெட்டிவிட வேண்டும்.

புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், கூரையைப் பெருக்கிக் குழாய் வாயிலின் வலையைத் துப்புரவாக்கி, ஒரு குடம் நீர் ஊற்றி வடிகிறதா என்று சோதிக்கவேண்டும். மழை நாட்களில் வாரம் ஒருமுறை ஏறிப் பார்த்தல் போதும்.

ஊராட்சிக் கட்டிடங்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒவ்வொரு கட்டிடத்திற்கும் கட்டிய ஆண்டு, மேல்தளம் போட்ட ஆண்டு, பழுது பார்த்த நாள், செலவு இவற்றைச் சொத்துப் பதிவேட்டில் எழுதிவைத்தல் நன்று. ஆகஸ்டு 15 கிராம சபையில் அவ்வூரின் பொதுக் கூரைகளின் நிலையைப் படித்துக் காட்டி, அக்டோபர் 2 கிராம சபைக்குள் துப்புரவுப் பணி முடிந்ததா என்று கேட்பது ஒரு நல்ல வழக்கமாகும். அங்கன்வாடிப் பணியாளரும் தலைமையாசிரியரும் எழுதித் தரும் ஒழுக்குப் புகாருக்கு அம்மாதத்திலேயே பதில் கிடைக்கவேண்டும். மேல்தளம் செப்பனிடும் சிறு செலவை இவ்வாண்டு ஒதுக்காவிடின், அடுத்த சில ஆண்டுகளில் கட்டிடத்தையே இடித்துக் கட்டும் பெருஞ்செலவு வந்து சேரும்.

வாய்க்காலைத் தூர்வாராமல் வயலுக்கு நீர் வராது என்பதை நமது விவசாயிகள் அறிவர். கூரைக்கும் அதே நியதிதான், வேறுபாடு ஒன்றே. அங்கே நீர் வருவதற்கு வழி செய்கிறோம்; இங்கே நீர் போவதற்கு வழி செய்யவேண்டும். நீர் நில்லாத கூரை தலைமுறை கடந்து நிற்கும். வரும் புரட்டாசிக்குள் ஒவ்வோர் ஊரிலும் பள்ளிக்கூடத்துக் கூரைமேல் ஒருவராவது ஏறிப் பார்த்துக் குழாய் வாயிலைத் திறந்துவிடுவாராயின், அதுவே நல்ல தொடக்கமாகும்.